கடைசி மணிக்குப் பின்: பெரம்பலூர், அரியலூர் ஆசிரியர்களின் பணிச்சோர்வும் சொந்த வாழ்வும்

2025 மே மாதம் வெளியான பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகளில் அரியலூர் மாவட்டம் 98.82 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பில் 97.31 விழுக்காட்டுடன் முதலிடத்தில் நின்றதும் இதே மாவட்டம்தான். 2022இல் பன்னிரண்டாம் வகுப்பிலும் 2023இல் பத்தாம் வகுப்பிலும் அந்த இடம் பெரம்பலூருக்குக் கிடைத்திருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது பெரம்பலூர் 74, அரியலூர் 71 என்ற அளவிலேயே நின்றன என்பதையும், நகர்ப்புறத்தில் வாழ்வோர் பெரம்பலூரில் நூற்றுக்குப் பதினேழு பேர், அரியலூரில் பதினொரு பேர் மட்டுமே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள் நிறைந்த ஊர்களிலிருந்து இந்தத் தேர்ச்சி வந்திருக்கிறது என்பது விளங்கும். அந்த வீட்டு வேலையையும் பள்ளியே எடுத்துச் செய்தது. பள்ளி செய்தது என்றால் ஆசிரியர் செய்தார் என்றே பொருள். அதற்கான நேரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வியை வெற்றிச் செய்திகள் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியை ஆராய்கிறது.

பணிச்சோர்வு என்ற சொல் இங்கு ஒரு வரையறுத்த பொருளில் ஆளப்படுகிறது. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், பிறர் துயர் தீர்க்க முழு மனத்துடன் வந்தவர்களே ஏறத்தாழ ஓராண்டில் வெறுமையடைந்து போவதைக் கண்டு 1974இல் அதைப் பற்றி எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் அதற்கு ஓர் அளவுகோலை உருவாக்கி, மூன்று கூறுகளை இனம் பிரித்தனர்: உணர்வு வற்றிப்போதல், எதிரே இருக்கும் மனிதரை மனிதராகக் காணாமல் ஒரு பொருளாகக் காணும் விலகல், தான் செய்வதால் எதுவும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தன் பதினோராவது நோய்ப் பகுப்பு ஏட்டில் சேர்த்தபோது, இது நோய் அன்று, சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்று தெளிவாகக் குறித்தது. மனச்சோர்வு என்று தமிழில் வழங்கும் நோயிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான். மனச்சோர்வுக்கு மருத்துவர் ஒருவரிடம் தீர்வு தேடலாம், பணிச்சோர்வுக்கோ பணியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கு உதவும் கருத்து ஒன்றை ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்தார். வேலை கடினமாக இருப்பது மட்டுமே மனிதரை முறிப்பதில்லை, வேலை மிகுந்தும் அதன்மேல் தனக்குப் பிடி இல்லாமலும் இருப்பதே முறிக்கிறது என்பது அதன் சாரம். எதை, எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதைத் தானே தீர்மானிக்கும் மனிதர் மிகுந்த சுமையையும் தாங்குவார். ஒவ்வொரு நாளும் வேறொருவர் அனுப்பும் உத்தரவுக்கு ஏற்ப அந்த வரிசை மாறினால் சிறிய சுமையும் பெரிதாகும். ஆசிரியப் பணிக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பது கீழே வரும் செய்திகளால் புலனாகும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்பது தகும், ஏனெனில் நேரத்தைப் பற்றிய குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் ஆசிரியரின் வார வேலை நேரம் பாடத் தயாரிப்பையும் சேர்த்து 45 மணி நேரம் என்று கூறுகிறது. ஆனால் அது குறைந்தபட்ச அளவாகவே கூறப்பட்டிருக்கிறது. கீழே ஓர் எல்லைக்கல் நடப்பட்டிருக்கிறது, மேலே எதுவும் இல்லை. அதுவும் எட்டாம் வகுப்பு வரைக்குமான சட்டம் என்பதால், தேர்ச்சிப் பட்டியலை உண்டாக்கித் தருகிற பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு அதில் அந்த எண்ணும் இல்லை. இதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்வி சாராத பணிக்கு அனுப்பக் கூடாது என்று தடுத்துவிட்டு, பத்தாண்டுக்கொருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளிக்கிறது. தேர்தல் பணி குறித்து உச்ச நீதிமன்றம் 2007இல் செயின்ட் மேரிஸ் பள்ளி வழக்கில் அளித்த தீர்ப்பு, வாக்காளர் பட்டியல் திருத்தம் போன்ற வேலைகளுக்கு ஆசிரியர்களை விடுமுறை நாள்களிலும் வகுப்பு இல்லாத நேரங்களிலும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றது. குழந்தையின் பாடவேளையைக் காத்த நல்ல தீர்ப்பு அது, ஐயமில்லை. ஆயினும் அந்தப் பாடவேளை காக்கப்பட்டது ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துத்தான்.

தொழிலாளர் சட்டத்தின் பக்கம் திரும்பினாலும் புகலிடம் இல்லை. 1988இல் சுந்தரம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், கற்பித்தல் உன்னதமான பணி என்பதால் தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று முடிவு செய்தது. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றிய மாநிலம் இது. 2023இல் ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுத்த சட்டத் திருத்தம் எதிர்ப்பு எழுந்த சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்ட மாநிலமும் இதுவே. எட்டு மணி நேரம் என்ற கருத்து இம்மண்ணில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தும் ஆசிரியரிடம் வந்ததும் அது நின்றுபோகிறது. அவரிடம் பேசுபவர்கள் நேரத்தை விட்டுவிட்டு அறப்பணியையும் அர்ப்பணிப்பையும் பேசுகிறார்கள். அறம் என்ற சொல் ஒருவரின் உழைப்பை உயர்த்திப் பேசுவதற்கு உதவுமே தவிர, அந்த உழைப்பின் அளவைக் கேட்பவர்களின் வாயை அடைப்பதற்கு அச்சொல்லைப் பயன்படுத்துவது தவறு.

இவ்விரு மாவட்டங்களின் நிலஅமைப்பு இந்தப் பொதுவான நிலைக்கு மேலும் ஒரு சுமையைச் சேர்க்கிறது. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பரில் நிலையாகத் தனித்தது அரியலூர். மாவட்டத் தலைநகரங்கள் உருவாயின, ஆனால் குடும்பத்தோடு வந்து தங்குவதற்கான நகரமாகத் திருச்சியும் தஞ்சாவூரும் கும்பகோணமுமே பலருக்கு இன்றும் இருக்கின்றன. பெரம்பலூர் நகருக்கு ரயில் பாதை கிடையாது. திருச்சியிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் வந்து, அங்கிருந்து வேப்பந்தட்டையையோ குன்னத்தையோ பச்சைமலை அடிவாரத்து ஊரையோ அடைய நகரப் பேருந்துக்கோ பகிர்வு ஆட்டோவுக்கோ காத்திருக்க வேண்டும். அரியலூருக்கு விழுப்புரம்–திருச்சி ரயில் பாதை உண்டு. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து செந்துறை, ஆண்டிமடம், தா.பழூர்ப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போவதற்கு ஸ்டாண்டில் விட்டுவைத்த இருசக்கர வண்டியே பலருக்குத் துணை. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு இடையில், புழுதி பறக்கும் சாலையில், எட்டரை மணிக்குள் பள்ளியை எட்ட வேண்டுமென்ற பதற்றத்தோடு அந்த வண்டி ஓடுகிறது. நாளொன்றுக்கு மூன்று, நான்கு மணி நேரம் இப்படிச் சாலையில் கழிவது எந்தப் பதிவேட்டிலும் வேலை நேரமாக ஏறுவதில்லை. பொது மாறுதல் கலந்தாய்வு, ஆசிரியர்கள் சொல்வதுபோல் 'கவுன்சிலிங்', அவர்களின் ஆண்டு நாட்காட்டியில் இவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருப்பதற்கும், மனமொத்த மாறுதலுக்கு ஆள் தேடும் செய்திகள் ஓயாமல் சுற்றுவதற்கும் காரணம் இதுதான்.

இச்சிக்கலின் மையம் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் இருக்கிறது. அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தாளில் இது முப்பதுக்கு ஒருவர் என்ற நியாயமான விகிதமாகத் தோன்றும். நடைமுறையிலோ ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்ள, அவ்விருவரில் ஒருவர் தலைமையாசிரியராகவும் இருந்து, காலை உணவுத் திட்டத்தையும் மதிய உணவையும் கவனித்து, பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, விலையில்லாப் பொருள்களை வாங்கி வழங்கி, வட்டார அலுவலகத்துக்குப் புள்ளிவிவரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவருக்கு ஐந்து வகுப்புகளும் சேரும். அதனால் ஒருவர் தற்செயல் விடுப்பு எடுப்பதென்பது மற்றவரின் தலையில் சுமையை இறக்கிவைப்பதாக மாறிவிடுகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் சி.எல். உரிமையாக இருந்தும், காய்ச்சலோடு பள்ளிக்கு வருவதே உடன் பணிபுரிபவருக்குச் செய்யும் மரியாதை என்ற வழக்கம் உருவாகிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட்ரூ பெல் சென்னையில் நடத்திப் பார்த்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்ற முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாடே அது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஓராசிரியர் தனித்து நிற்கும் நாளில் பள்ளியைத் தாங்குவது அந்தச் சட்டாம்பிள்ளைதான்.

வேலை வீட்டுக்குள் நுழைந்த வழி கைப்பேசி. கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை, அதாவது எல்லோரும் 'எமிஸ்' என்று அழைக்கும் இணையத் தளம், மாணவர் வருகை முதல் காலணி அளவு வரை பதியக் கேட்கிறது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் கொரோனாக் காலத்தில் கற்றலை இழந்த குழந்தைகளுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. அதன் அட்டைகளும் பாடல்களும் வகுப்பறைக்கு உயிர் தந்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதன் மதிப்பீடுகளும் செயலி வழியாகவே ஏற வேண்டியிருந்ததால், பகலில் சர்வர் சுற்றிக்கொண்டே நின்றால் அந்த வேலை இரவுக்குத் தள்ளிப்போயிற்று. இதற்கு மேல் வட்டாரக் குழு, மாவட்டக் குழு, பாடக் குழு என்று வாட்ஸ்அப் குழுக்கள். 'இன்று மாலைக்குள்' என்று மாலையில் வரும் செய்தி, கராசெக் சொன்ன பிடியின்மைக்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் எமிஸ் பதிவுக்கென்று தனி ஆள்களை நியமித்த அரசின் முடிவு சரியான திசையில் வைத்த அடி. ஈராசிரியர் தொடக்கப் பள்ளிக்கு அப்படி ஓர் ஆய்வகமும் இல்லை, அதனால் ஆளும் இல்லை.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் சோர்வின் முகம் வேறு. பெரம்பலூரில் மாவட்ட ஆட்சியராக இருந்த தரேஸ் அகமது காலத்தில் தொடங்கிய 'சூப்பர் 30' திட்டம், அரசுப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து ஓரிடத்தில் தங்கவைத்துப் பயிற்றுவித்து மருத்துவ, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுப்பியது. அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி அனிதா, மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வால் இடம் கிடைக்காமல் 2017இல் உயிரிழந்ததற்குப் பிறகு அத்தேர்வுக்கான பயிற்சியும் அரசுப் பள்ளியின் கடமைகளில் ஒன்றாயிற்று. இவையெல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த முயற்சிகள். ஆனால் இவற்றுக்கான விடியற்காலை வகுப்பும் இரவுப் படிப்பும் சனிக்கிழமைத் தேர்வும் இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டே நடந்தன. தேர்ச்சி 70 விழுக்காட்டிலிருந்து 90ஐ எட்டுவதற்கு வேண்டிய உழைப்பைவிட, 97இலிருந்து 99ஐ எட்டுவதற்கு வேண்டிய உழைப்பு மிகப் பெரிது, ஏனெனில் கடைசியில் எஞ்சும் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்கே வராதவர்கள், அறுவடைக்கும் முந்திரிக் காட்டுக்கும் வேலைக்குப் போய்விட்டவர்கள், அல்லது தந்தை வெளிநாட்டில் இருக்க வீட்டைச் சுமப்பவர்கள். அவர்களை வீடு தேடிப் போய் அழைத்துவந்து தேர்வறையில் உட்காரவைப்பது வரை ஆசிரியரின் பொறுப்பு. பாடத்தில் ஒருவர் தவறினாலும் விளக்கம் கேட்கும் கூட்டம் உண்டு. மெமோ என்ற சொல்லும் 'பதினேழு பி' என்ற ஒழுங்கு நடவடிக்கை விதியின் பெயரும் ஆசிரியர் அறையில் அச்சத்தோடு உச்சரிக்கப்படுகின்றன. இந்நிலையில்தான் மாஸ்லாக் சொன்ன இரண்டாவது கூறு தலைகாட்டுகிறது: 'மெல்லக் கற்போர்' பட்டியலில் உள்ள பிள்ளை, கைதூக்கிவிட வேண்டிய பிள்ளையாகத் தோன்றுவது நின்று, விழுக்காட்டைக் குறைத்துவிடக்கூடிய எண்ணாகத் தோன்றத் தொடங்குகிறது. இதுவே பணிச்சோர்வின் மிகக் கொடிய விளைவு, ஏனெனில் அதன் விலையைக் கொடுப்பது அந்தக் குழந்தை.

நாட்டின் ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்பதால், சொந்த வாழ்வைப் பற்றிய பேச்சு பெரிதும் அவர்களைப் பற்றிய பேச்சாகிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களையும் ஆண் 88 நிமிடங்களையும் அதில் செலவிடுகிறார்கள். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1989இல் 'இரண்டாவது ஷிப்ட்' என்று பெயரிட்டது இதைத்தான். திருச்சியிலிருந்து வரும் ஆசிரியைக்கு அந்த ஷிப்ட் விடியற்காலை நான்கரை மணிக்குச் சமையலோடு தொடங்கி, சாலையால் இடைமுறிந்து, இரவு எட்டு மணிக்கு மீண்டும் தொடர்கிறது. 2021இல் பேறுகால விடுப்பைத் தமிழக அரசு பன்னிரண்டு மாதமாக உயர்த்தியது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஓராண்டுக்கு மாற்று ஆசிரியர் வராத பள்ளியில் அவருடைய வகுப்புகள் உடனிருக்கும் இன்னொரு பெண்ணின் தோளில் ஏறுகின்றன. ஒரு பெண்ணுக்குக் கிடைத்த உரிமை இன்னொரு பெண்ணுக்குச் சுமையாக மாறாமலிருக்க வேண்டிய ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது நிர்வாகம்.

பகுதிநேர ஆசிரியர்களும் தனியார் பள்ளி ஆசிரியர்களும் இந்தப் பேச்சில் பெரும்பாலும் மறக்கப்படுகிறார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டவர்கள், 12,500 ரூபாய் என்ற நிலையை அடையப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின; வாரத்தில் மூன்று அரைநாள் வேலை என்பது ஏட்டில் இருக்க, மீதி நேரத்தில் பிழைப்புக்கு வேறு வேலை தேடுவதே அவர்களின் வாழ்க்கைமுறை. மெட்ரிக் பள்ளி ஆசிரியர்களுக்கோ விடுதி மாணவர்களின் இரவுப் படிப்பைக் கண்காணிப்பதும் கோடை விடுமுறையில் வீடுவீடாகச் சேர்க்கைக்குப் போவதும் கேள்வியின்றி வேலையோடு சேர்ந்தவை. பணிக்கொடை அவர்களுக்கும் உண்டு என்பதை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டியிருந்தது என்பதே அவர்களின் நிலையைக் காட்டும்.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதி இந்தச் சுமையின் மேல் இரண்டு புதியவற்றை ஏற்றியது. செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் வெற்றிபெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவர்கள் தம் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து இரவில் படிக்கத் தொடங்கினர். நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக இருந்த ஆசிரியர்கள், அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் படிவங்களோடு தெருத்தெருவாகச் சென்றனர். பல மாநிலங்களில் இவ்வலுவலர்களின் மரணங்கள் பேசப்பட்ட பிறகு, டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றமே கூடுதல் ஆள்களை நியமித்து அவர்களின் சுமையைக் குறைக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உயிர் போன பிறகே ஆள் போதவில்லை என்பது ஏற்கப்பட்டது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் வீடுவீடாகச் செல்ல ஆள்கள் வேண்டும்.

இவற்றுக்குத் தீர்வாக யோகா வகுப்பையும் நேர மேலாண்மைப் பயிற்சியையும் முன்வைப்பது பொதுவான வழக்கம். யோகா நல்லது, மன உளைச்சல் மிகும்போது 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணை அழைப்பது அதைவிட அவசியமானது, எந்த ஆசிரியரும் அதற்குத் தயங்கக் கூடாது. ஆனால் தன் நேரத்தின்மேல் பிடியே இல்லாத மனிதருக்கு நேர மேலாண்மை கற்பிப்பதில் பொருளில்லை. ஜப்பானின் அனுபவம் இங்கே பயன்படும். 1971இல் அந்நாடு ஆசிரியர்களுக்குக் கூடுதல் நேர ஊதியத்துக்குப் பதிலாக அடிப்படைச் சம்பளத்தில் 4 விழுக்காடு தந்து கணக்கை முடித்துக்கொண்டது. விளைவாக நேரத்தை எண்ணுவதே நின்றது. 2018இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு நடத்திய பன்னாட்டு ஆய்வில் ஜப்பானிய ஆசிரியரின் வேலை வாரத்துக்கு 56 மணி நேரம் என்றும், பங்கேற்ற அவ்வமைப்பு நாடுகளின் சராசரி 39 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு என்றும் தெரிந்தது. 2019இல் கூடுதல் வேலைக்கு மாதம் 45 மணி நேரம் என்ற மேலெல்லை அங்கு வகுக்கப்பட்டது. 2025இல் அந்த 4 விழுக்காட்டைப் படிப்படியாகப் பத்தாக்கும் சட்டம் நிறைவேறியது. எண்ணிய பிறகுதான் குறைக்கும் பேச்சே எழுந்தது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் அந்த எண்ணிக்கையைத் தொடங்குவது கடினமன்று. மாநிலத்தின் சிறிய மாவட்டங்களில் இவையும் சேரும். பள்ளிகளின் தொகை கைக்குள் அடங்கும். ஒரு கல்வியாண்டு முழுவதும் ஆசிரியர் ஒவ்வொருவரும் வகுப்புக்கும், பதிவுக்கும், பிற துறைப் பணிக்கும், சாலைக்கும் செலவிடும் நேரத்தை மாவட்டக் கல்வி நிர்வாகம் பதிந்து பார்க்கலாம். மாலை ஆறு மணிக்குப் பிறகு உத்தரவு அனுப்புவதில்லை என்ற ஒரு சுற்றறிக்கைக்குச் செலவு ஏதுமில்லை. ஈராசிரியர் பள்ளிகளுக்கென வட்டாரத்துக்குச் சிலரை இருப்பு ஆசிரியராக வைப்பதற்குச் செலவுண்டு, அதைச் செய்தே ஆக வேண்டும். பொதுத்தேர்வில் முதலிடத்தைச் சாதித்துக் காட்டிய இவ்விரு மாவட்டங்களுக்கும் இதை முன்நின்று கேட்கும் உரிமை மற்றெவரையும்விட மிகுதி. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தில், ஆசிரியர் வாரத்துக்கு 45 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது; எத்தனை மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்ற வரி அதில் இன்னும் எழுதப்படவில்லை.